யாருக்குப் பிரியாவிடை?

அண்மையில் பண்டத்தரிப்புப் பகுதியிலே ஒரு பாடசாலையின் அதிபர் ஓய்வு பெற்றார். சந்தியிலிருந்து தவில் நாதஸ்வரத்துடன் அவரை அழைத்து வந்தனர். வாசலிலே நிறைகுடமும் குத்துவிளக்கும் இருந்தன. மேடையிலே மாலைகள் குவிந்தன. பொன்னாடைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தோளில் ஏறின. கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துப்பாக்கள் நான்கு வாசித்தளிக்கப்பெற்றன. சேவைநலன் பாராட்டு மலர் ஒன்றும் வெளியிடப்பட்டது. அதிபர் நல்லவர், உழைத்தவர். அவரைப் பாராட்டியதில் எவரும் குறைகாண நியாயமில்லை.

ஆயின் அதே ஆண்டிலே அப்பாடசாலையிலிருந்து இன்னொருவரும் ஓய்வு பெற்றார். அவர் சிற்றூழியர். முப்பது வருடங்களுக்கு மேலாக அந்தப் பாடசாலையின் மணியை அடித்தவர், வகுப்பறைகளைத் திறந்தவர், பூட்டியவர், மலசலகூடத்தைக் கழுவியவர். 1995ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வின்போது வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்த அந்த இரவிலே, பாடசாலையின் வரவுப் பதிவேடுகளைச் சைக்கிளிலே கட்டிச் சென்று காத்தவர் அவரே என ஊரவர் கூறுவர். அவர் ஓய்வு பெற்ற நாளிலே அலுவலகத்தில் ஒரு கையொப்பமும் ஒரு கோப்பை தேநீரும் இருந்தன. மறுநாள் மணியை வேறொருவர் அடித்தார். பாராட்டு மலரின் பக்கங்களை முதலிலிருந்து இறுதிவரை புரட்டிப் பார்த்தோம்; அவருடைய பெயர் ஓரிடத்திலும் இல்லை.

இந்த இரு காட்சிகளையும் அருகருகே வைத்து நோக்கியபோது எமக்கொரு கேள்வி எழுந்தது. விடைகொடுத்தல் என்பது மனித குலத்தின் மிகப் பழைய பண்புகளுள் ஒன்று. அது எப்போது பண்பாக இருக்கிறது? எப்போது வெறும் சடங்காகிறது? எப்போது சரக்காகிறது? இக்கேள்வியைச் சரிவர ஆராய வேண்டுமாயின், விடைகொடுத்தலை ஒரு பெருந்தொழிலாகவே வளர்த்துவிட்ட ஒரு நாட்டின் வழக்கத்தை முதலில் நோக்குதல் பயன்தரும்.

அமெரிக்கர் எமதூருக்கு அந்நியரல்லர். 1820ஆம் ஆண்டிலேயே வைத்தியர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பு மிஷன் நிலையத்தில் வந்தமர்ந்து மருத்துவப் பணியைத் தொடங்கினார். வேதமும் வைத்தியமும் ஆங்கிலக் கல்வியும் கொண்டுவந்த அந்த மிஷனரிமார் தங்கள் நாட்டுப் பேஸ்போலைக் கொண்டுவரவில்லை. அவ்விளையாட்டு அக்காலத்தில் இன்றைய வடிவத்தை எய்தியிருக்கவுமில்லை. எமக்கு வாய்த்தது ஆங்கிலேயரின் கிரிக்கெட்டு. எனினும் பாடசாலை மைதானத்தில் எல்லே விளையாடிய எமது மாணவருக்குப் பேஸ்போலை விளக்குவது கடினமன்று. பந்தை ஓங்கி அடித்து, வட்டமாக ஓடி, புறப்பட்ட இடத்துக்கே மீளும் ஆட்டம் அது.

அந்த நாட்டின் உயர்நிலைப் பேஸ்போலில் 30 அணிகள் உள. ஒவ்வோர் அணியும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடும். அவற்றில் 81 வெளியூர்களில் நடைபெறும். இந்த நீண்ட பயணமே பிரியாவிடைச் சுற்றுப்பயணம் என்னும் வழக்கத்துக்கு வாய்ப்பான களமாயிற்று. புகழ்பெற்ற வீரர் ஒருவர், ‘இதுவே எனது இறுதிப் பருவம்’ எனப் பருவத்தின் தொடக்கத்திலோ அதற்கு முன்னரோ அறிவித்துவிடுவார். அதன்பின் அவர் செல்லும் ஊர்தோறும் எதிரணியினரே மேடையமைத்துப் பரிசளிப்பர். 2012இல் சிப்பர் ஜோன்ஸ், 2013இல் மரியானோ ரிவேரா, 2014இல் டெரெக் ஜீற்றர், 2016இல் டேவிட் ஓட்டிஸ் என இவ்வரிசை வளர்ந்தது. ரிவேராவின் பந்துவீச்சில் எத்தனையோ பேரின் மட்டைகள் முறிந்ததுண்டு. மின்னெசோட்டா அணியினர் முறிந்த மட்டைகளைக் கொண்டே ஓர் ஆடுநாற்காலி செய்து அவருக்கு அளித்தனர். தோற்றவர் வென்றவருக்கு அளித்த அப்பரிசிலே நகைச்சுவையும் உண்டு, பெருந்தன்மையும் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை.

பழந்தமிழிலக்கியம் கற்றவர்க்கு இங்கே ஓர் ஒப்புமை தோன்றாமற் போகாது. புறத்திணையிலே ‘பரிசில் விடை’ என ஒரு துறை உண்டு. புரவலன் பரிசில் நல்கிப் புலவனுக்கு விடைகொடுப்பதைக் கூறும் துறை அது. பொருநராற்றுப்படையிலே கரிகாலன் தன்னை நாடிவந்த பொருநனுக்கு வேண்டியன நல்கியதோடு நில்லாது, ஏழடி பின்னே நடந்து சென்று வழியனுப்பியதாகக் கூறப்படுகிறது. அரசனாக இருந்தும் கலைஞனுக்குப் பின்னே நடந்தான் என்பதே அந்த விடைகொடுத்தலின் உயிர். அன்றைய பாணனும் பொருநனும் வறியவர். பரிசில் அவர்களுடைய வயிற்றுப் பசியைத் தீர்த்தது. இன்று ஊரூராகச் சென்று பரிசில் பெறும் வீரர் கோடீசுவரர். கொடுக்கும் அணி முதலாளி அவரிலும் பெருங் கோடீசுவரர். பசியில்லாதவன் பசியில்லாதவனுக்கு அளிக்கும் விருந்து இது. விருந்தின் செலவைக் கொடுப்பவர் யார்? நுழைவுச்சீட்டை வாங்கி மைதானத்தில் அமர்ந்திருக்கும் சாதாரண மக்கள்.

முதலாளித்துவச் சந்தை எதனையும் விட்டுவைப்பதில்லை என்பதற்குப் பிரியாவிடைச் சுற்றுப்பயணம் தக்க சான்று. வீரனின் திறமையை விற்று முடித்த சந்தை, அத்திறமை தேய்ந்து மறையும் வேளையில் மறைவையே விற்கத் தொடங்குகிறது. ஜீற்றரின் இறுதிப் பருவத்திலே அவர் அணிந்த காலுறைகளும் அவர் நின்றாடிய மைதானத்து மண்ணும் விலைப்பொருள்களாயின. மண்ணை நெற்றியில் இட்டுக்கொள்ளும் வழக்கம் எமது கோயில்களிலும் உண்டு. ஆனால் அங்கே மண்ணுக்கு விலைச்சீட்டு ஒட்டப்படுவதில்லை.

இவ்வழக்கத்தின் மூலத்தை நோக்கினால் அது இத்தகையதாக இருக்கவில்லை என்பதைக் காணலாம். நியூயோர்க் யாங்கீஸ் அணியின் லூ கெரிக் 2,130 ஆட்டங்களில் இடைவிடாது ஆடியவர். 1939ஆம் ஆண்டில் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் தீராநோய் அவரைப் பற்றியது. அவ்வாண்டு யூலை 4ஆம் திகதி அவரது சொந்த மைதானத்திலே, ஒரே ஒரு நாள், அவருக்கு விடைகொடுக்கப்பட்டது. பரிசளித்தோருள் மைதான ஊழியரும் இருந்தனர்; தாம் ஆற்றிய சிற்றுரையில் அவர்களையும் அவர் மறவாது குறிப்பிட்டார். ஈராண்டுக்குள் அவர் இறந்துபோனார். அன்று அங்கே கூடியவர்கள் ஒரு சரக்கை வாங்க வரவில்லை. ஒரு மனிதரை இழக்கப்போகும் துயரத்தோடு வந்தனர். அந்த உண்மையான துயரத்தின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் உள்ளீட்டைக் கழித்து, 81 ஊர்ப்பயண நாட்களுக்கு நீட்டியதே பிற்காலத்தவரின் சாதனை.

யாருக்கு விடைகொடுக்கப்படுகிறது என்பதைப் போலவே யாருக்குக் கொடுக்கப்படவில்லை என்பதும் விமரிசகன் கேட்கவேண்டிய கேள்வி. 1947இல் நிறத்தடையை உடைத்து உயர்நிலைப் பேஸ்போலில் புகுந்த கறுப்பின வீரர் ஜாக்கி றொபின்சன். 1956ஆம் ஆண்டுப் பருவம் முடிந்ததும் அவருடைய அணியினர் அவரை எதிரணிக்கு மாற்றினர். அவரோ அங்கு செல்லாது ஓய்வை அறிவித்தார். பத்து வருடம் வசைமொழிகளைத் தாங்கிய ஒருவர் ஊரூராகப் பாராட்டுப் பெறாமலே வெளியேறினார். கேர்ட் ஃபிளட்டின் கதை இதனிலும் கொடியது. 1969இல் செயின்ற் லூயிஸ் அணி அவரை அவருடைய சம்மதமின்றியே பிலடெல்பியாவுக்கு மாற்றியது. அக்காலத்தில் ஒரு வீரர் ஓர் அணிக்கு ஒருமுறை கையொப்பமிட்டால், அவரை விற்கவும் மாற்றவும் முதலாளிக்கே உரிமை. வீரருக்கு வேறிடம் தேடும் உரிமை இல்லை. ஃபிளட் மறுத்தார். தாம் வாங்கவும் விற்கவும் கூடிய உடைமையல்ல என்று பேஸ்போல் ஆணையாளருக்கு எழுதினார், வழக்காடினார். 1972இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே, 1971இல், அவருடைய விளையாட்டு வாழ்வு முடிந்துவிட்டது. 1975இன் இறுதியில் வேறு இரு வீரர்கள் தொடுத்த பிணக்கிலே நடுத்தீர்ப்பாளர் வீரர் பக்கம் நின்றார்; வீரருக்குச் சுதந்திரம் கிடைத்தது. ஃபிளட் 1997இல் காலமானார். அதன் மறு ஆண்டிலேதான் அவர் பெயரால் ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

இன்று பிரியாவிடைச் சுற்றுப்பயணம் செய்யும் நட்சத்திரங்களின் பெருஞ்செல்வம் ஃபிளட் என்ற அந்த மனிதர் தம் தொழிலையே பலியிட்டுத் திறந்த வாயிலினூடாக வந்தது. வாயிலைத் திறந்தவருக்கு மாலையில்லை. வாயிலினூடாக நடந்தவர்களுக்கு மாலை. எந்தத் தொழிற்சங்கத்தின் வரலாற்றை எடுத்தாலும் இதே உண்மையைக் காணலாம்.

நட்சத்திரங்களுக்குக் கீழே இன்னோர் உலகமும் உண்டு. உயர்நிலை அணிகளுக்கு ஆட்களைப் பயிற்றும் கீழ்நிலை அணிகளில் ஆயிரக்கணக்கான இளைஞர் ஆடுகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் உயர்நிலையை எட்டாமலே, ஒருநாள் காலையில் ‘நீ போகலாம்’ என்ற சொல்லோடு வெளியேறுவர். அவர்கள் 2022இல்தான் தொழிற்சங்கத்தில் இணைந்தனர். 2023இல்தான் முதல் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதற்கு முன்னர் ஆகக் கீழ்ப்படியில் இருந்தவருக்கு ஆண்டொன்றுக்கு 4,800 டொலர். ஒப்பந்தத்தின் பின் 19,800 டொலர். பிரியாவிடை மேடையில் நின்ற ஒருவருக்கு அளிக்கப்பட்ட பரிசுகளைவிட, இந்த இளைஞரின் கூட்டுக் குரலே மனித மாண்பை உயர்த்தியது என்று நாம் கருதுகிறோம்.

இனி, எமது நாட்டுக்கு வருவோம். 2010ஆம் ஆண்டு யூலை மாதத்திலே முத்தையா முரளிதரன் டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து விடைபெற்றார். இந்திய அணிக்கெதிராக மூன்று போட்டிகள் நடக்கவிருந்தன. அவற்றுள் காலியில் நடைபெறும் முதற் போட்டியோடு நின்றுவிடுவதாக அவர் முன்னரே அறிவித்தார். அப்போது அவர் வீழ்த்தியிருந்த விக்கெட்டுகள் 792. மூன்று போட்டிகளிலும் ஆடியிருந்தால் 800ஐ எளிதில் எட்டியிருக்கலாம்; நகர்தோறும் மேடையும் கிடைத்திருக்கும். அவர் தமக்கு ஒரே ஒரு போட்டியையே ஒதுக்கிக்கொண்டார். முதல் இனிங்சில் ஐந்து, இரண்டாவதில் மூன்று. இறுதியாகப் பிரக்யான் ஓஜா, மகேல ஜயவர்தனவின் கையிற் பிடிகொடுத்தபோது 800 நிறைந்தது. யூலை 22ஆம் திகதி சக வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிச் சென்றனர். திறமையின் அளவிலே நோக்கினால், இதைவிடத் துணிவும் அடக்கமும் நிறைந்த விடைபெறலைக் காணுதல் அரிது.

ஆனால் ஒரு காட்சியை அது நிகழ்ந்த காலத்திலிருந்து பிரித்துப் பார்த்தல் விமரிசனமாகாது. போர் முடிந்து பதினான்கு மாதங்களே ஆகியிருந்தன. வன்னியிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களுள் ஒரு பகுதியினர் மெனிக் பாம் முகாமில் இன்னும் இருந்தனர். அம்முகாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேயே. பண்டத்தரிப்புக்கு அணித்தேயுள்ள வலிகாமம் வடக்கிலே பெருந்தொகையான மக்கள் தங்கள் காணிகளுக்குத் திரும்ப முடியாது உறவினர் வீடுகளிலும் நலன்புரி நிலையங்களிலும் வாழ்ந்தனர். இவ்வேளையிலே தோளில் தூக்கப்பட்ட ஒரு தமிழரின் படம், ‘இந்நாட்டில் யாவரும் சமம்’ என்பதற்குச் சான்றாக எடுத்துக் காட்டப்பட்டது. ஒருவரைத் தோளில் தூக்குவது எளிது. ஒரு மக்களினத்தைக் காலூன்றி நிற்க விடுவதே கடினம்.

இவ்விடத்தில் முரளிதரனைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். 1977ஆம் ஆண்டின் வன்செயலிலே குடும்பத்தின் பிஸ்கட் தொழிற்சாலை தாக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டு டிசெம்பரில் மெல்பேண் மைதானத்திலே, பந்தை எறிகிறார் எனக் கூறி நடுவர் அவரை ஏழு முறை தடுத்தார். இவற்றையெல்லாம் கடந்து வந்தவர் அவர். பின்னாளில் அவர் கூறிய அரசியற் கருத்துக்கள் தமிழரிடையே கடும் எதிர்ப்பைக் கிளப்பின; அவரது வாழ்க்கையைப் படமாக்கியபோது நடிக்கவிருந்த விஜய் சேதுபதி 2020இல் விலகிக்கொண்டார்; படம் வேறொரு நடிகருடன் 2023இல் ‘800’ என்னும் பெயரில் வெளிவந்தது. ஒரு பக்கத்தார் அவரைத் தேச ஒற்றுமையின் தெய்வமாக்கினர்; மறு பக்கத்தார் துரோகியாக்கினர். இரண்டும் ஒரே தவறின் இரு முகங்கள். பந்து வீசும் தொழிலில் ஈடிணையற்ற ஒருவரிடம், ஒரு மக்களின் முழு வரலாற்றையும் சுமக்குமாறு கேட்பதே அத்தவறு. நட்சத்திர வழிபாடும் நட்சத்திர வசையும் மக்களின் கண்ணை மக்களிடமிருந்தே திருப்பிவிடுகின்றன.

அவருடைய பாட்டனார் வந்த அதே தோட்டங்களிலிருந்து எத்தனை பேர் விடைபெற்றுச் சென்றனர்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை ஒரே நாளில் நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை அளிப்பதென்றும் எஞ்சிய 1,50,000 பேரின் விதியைப் பின்னர் தீர்ப்பதென்றும் பங்கு பிரித்தது. தேயிலைக் கொழுந்தை எடை பார்ப்பதுபோல மனிதரை எடைபோட்டுப் பங்கிட்டனர். மலையிலிருந்து புகையிரதம் தலைமன்னாரை நோக்கி இறங்கியது. அங்கிருந்து கப்பல் இராமேசுவரம் சென்றது. புகையிரத நிலைய மேடையிலே அக்காளுக்குத் தங்கையும் மகனுக்குத் தாயும் விடைகொடுத்தனர். நாட்டின் வருவாயைத் தம் முதுகிலே சுமந்த மக்கள் வெளியேறியபோது எவரும் அவர்களுக்குப் பொன்னாடை போர்த்தவில்லை. இந்நாட்டின் மிகப் பெரிய பிரியாவிடை காலி மைதானத்தில் நிகழவில்லை. தலைமன்னார்த் துறையிலே நிகழ்ந்தது.

அரசியல்வாதிகளுக்கு விளையாட்டு வீரரின் விடைபெறும் மேடை எத்துணை விருப்பமானது என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. 2015 ஓகஸ்டில் குமார் சங்கக்கார கொழும்பில் விடைபெற்றபோது, அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மேடையிலேயே அவருக்குப் பிரித்தானியாவுக்கான உயர்ஸ்தானிகர் பதவியை வழங்க முன்வந்தார். 2013 நவம்பரில் சச்சின் டெண்டுல்கர் தமது 199ஆவது டெஸ்ட் போட்டியைக் கல்கத்தாவிலும் 200ஆவதைப் பம்பாயிலும் ஆடி விடைபெற்ற நாளிலேயே, இந்திய அரசாங்கம் அவருக்குப் பாரத ரத்னா விருதை அறிவித்தது. அவ்விருதைப் பெற்ற முதல் விளையாட்டு வீரர் அவரே. மூன்று ஒலிம்பிக்கில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுக்கொடுத்த ஹொக்கி வீரர் தியான் சந்த் 1979இல் அவ்விருதின்றியே காலமானவர். ஹொக்கிக்கு விளம்பரதாரர் குறைவு; ஆகவே கண்ணீரும் குறைவு.

பண்டத்தரிப்புக்கு அயலிலே பெரியவிளான் என்ற ஊர் உண்டு. அவ்வூரிற் பிறந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிற் பயின்று, 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கிலும் உயரம் பாய்தலில் இலங்கைக்காகப் பங்குபற்றினார். 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே 2.03 மீற்றர் பாய்ந்து தங்கப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதலாவது தங்கம் அதுவே. அவ்விழா நடைபெற்ற நாட்கள் மே 24 முதல் யூன் 1 வரை. வாசகர்கள் அந்நாட்களை நினைவுகூர வேண்டும். அதே நாட்களிலேதான் இந்நாடெங்கும் தமிழர் தாக்கப்பட்டனர். மே 27ஆம் திகதி அவசரகாலச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. தோக்கியோவில் இலங்கையின் கொடிக்காக ஒரு தமிழ் இளைஞர் மண்ணை விட்டு எழும்பியபோது, இலங்கையில் அவருடைய மக்கள் மண்ணை விட்டே விரட்டப்பட்டுக்கொண்டிருந்தனர்.

1962இல் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கம் பெற்ற அவருக்கு நகர்தோறும் மேடையமைத்து விடைகொடுக்கும் வழக்கமெதுவும் வாய்க்கவில்லை. ஊதியம் பெறாது விளையாடிய அக்காலத்து வீரர், பதக்கத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு மறுநாள் வேறு தொழிலுக்குச் செல்வர். அவரும் உயர்கல்வி கற்று ஆபிரிக்க நாடுகளிலே ஆசிரியப்பணி புரிந்தார். பின்னாளில் போர் ஓய்ந்திருந்த காலத்தில் வடகிழக்கின் கல்விக்கும் விளையாட்டுக்கும் உழைக்கத் திரும்பி வந்தார். 2024இல் காலமானார். விடைபெறும் மேடைக்காகத் திரும்பி வருபவர் பலர். உழைப்பதற்காகத் திரும்பி வருபவர் சிலர். பெரியவிளானின் மாணவரைக் கேட்டுப் பாருங்கள்: டெண்டுல்கர் எத்தனை சதம் அடித்தார் என்பதை ஒப்புவிப்பர். தம் ஊரவர் பாய்ந்த உயரம் அவர்களுட் பலருக்குத் தெரியாது. இது மாணவரின் குற்றமன்று. ஆசிரியராகிய எமது குற்றம்.

இவ்வளவும் கூறிய பின்னர், ‘அப்படியானால் விடைகொடுத்தலே வேண்டாமா?’ என்று நண்பர்கள் வினவலாம். அவ்வாறு நாம் கூறவில்லை. உழைத்தவரை நன்றியோடு வழியனுப்புதல் மனிதப் பண்பு. அதனை முதலாளிக்கோ அரசியல்வாதிக்கோ விட்டுக்கொடுக்க நாம் ஆயத்தமாக இல்லை. வடிவத்தை வெறுத்து ஒதுக்குவது முற்போக்கு ஆகாது. அதன் உள்ளடக்கத்தை மாற்றுவதே முற்போக்கு. அதற்கான வழியையும் அதே பேஸ்போலிலிருந்தே எடுத்துக்காட்டலாம்.

ரிவேரா பனாமா நாட்டு மீனவர் ஒருவரின் மகன். இளமையில் தந்தையின் படகிலே வேலை செய்தவர். அட்டையால் செய்த கையுறையோடு ஆடிப் பழகியவர். மாதகல், சேந்தாங்குளம் கரைகளில் வலை இழுக்கும் பிள்ளைகளுக்கு அந்த வாழ்வு புரியாததன்று. றொபின்சனை நினைவுகூர்ந்து 1997இல் எல்லா அணிகளிலும் 42ஆம் இலக்கம் ஓய்வு பெறச் செய்யப்பட்டது. ஏற்கெனவே அவ்விலக்கத்தை அணிந்திருந்தோர் மட்டும் தொடர்ந்து அணியலாம் எனப்பட்டது. அவர்களுள் இறுதியானவர் ரிவேரா. 2013ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். சென்ற ஊர்தோறும், ஆட்டம் தொடங்குமுன், அம்மைதானத்தில் திரைமறைவில் உழைப்போரைச் சந்திக்க வேண்டுமெனக் கேட்டுக்கொண்டார். நுழைவுச்சீட்டு விற்பவர், சமைப்பவர், புல்வெளி பராமரிப்பவர், பல்லாண்டு காலமாக அங்கே வேலை செய்தவர் ஆகியோரோடு அமர்ந்து பேசி, நன்றி கூறினார். மற்றவர்கள் பரிசில் பெறுவதற்காகச் சுற்றினர். அவர் நன்றி செலுத்துவதற்காகவும் சுற்றினார். தொழிலாளரின் ஊதியம் இதனால் ஒரு சதமேனும் உயர்ந்திருக்காது. இதனைப் புரட்சியென்று நாம் மயங்கவில்லை. ஆயினும் விடைபெறுதலின் திசையை அது மாற்றிக்காட்டியது. ஏழடி பின்னே நடந்த கரிகாலனின் பண்பு அங்கே சிறிது தென்பட்டது.

இப்போது எமது பாடசாலை மேடைக்கு மீள்வோம். எமது வாழ்த்துப்பாக்களை இலக்கிய மாணவர் ஒருவர் எடுத்து ஆராய்வாராக. ‘கல்விக் கடல்’, ‘கருணை மலை’, ‘அறிவின் சிகரம்’ என்ற அடைமொழிகளே நாற்புறமும் நிற்கும். பெயர் வரும் இடத்தில் வேறொரு பெயரை இட்டால் அப்பா எவருக்கும் பொருந்தும். எவருக்கும் பொருந்தும் பாராட்டு எவரையும் பாராட்டுவதாகாது. அந்த அதிபர் எந்த ஆண்டில், எத்தனை இடம்பெயர்ந்த பிள்ளைகளை எந்தக் கொட்டிலில் இருத்திப் படிப்பித்தார்? எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றுபோகாமற் காத்தார்? எதில் தவறினார்? இவற்றுள் ஒன்றையேனும் கூறாத மலர், காகிதத்தின் வீண்செலவு. அடைமொழி உழைப்பை மூடும் போர்வை. மெய்யான பாராட்டு உழைப்பை விவரிக்கும். விவரம் உள்ள இடத்தில் சமூகம் தானாகவே உள்ளே வந்துவிடும். பதிவேடுகளைச் சைக்கிளில் ஏற்றிச் சென்ற சிற்றூழியர் அந்த வரலாற்றில் இல்லாது போக முடியாது. அவரை நீக்கிவிட்டு எழுதப்படும் பாடசாலை வரலாறு பொய்.

ஆகவே ஆசிரிய நண்பர்களிடமும் மாணவத் தோழர்களிடமும் சில வேண்டுகோள்களை முன்வைக்கிறோம். ஓய்வு பெறுபவர் அதிபராயினும் சிற்றூழியராயினும் விழா ஒன்றாக இருக்கட்டும். ஓராண்டில் ஓய்வு பெறும் யாவரும் ஒரே மேடையில், ஒரே வரிசையில் அமரட்டும். மலரிலே அடைமொழிகளைக் குறைத்து, அவர்கள் செய்த வேலையை ஆண்டு வாரியாக எழுதுங்கள். எழுதும் பொறுப்பை மாணவரிடமே கொடுங்கள். அவர்கள் சிற்றூழியரின் வீட்டுக்குச் சென்று திண்ணையிலமர்ந்து கேட்டு எழுதட்டும். இருபது பொன்னாடைக்குச் செலவாகும் பணம் ஓர் ஏழைப் பிள்ளையின் ஓராண்டுப் படிப்புக்குப் போதும். விடைபெறுபவரும் வெறுங்கையோடு மேடையில் அமராது, தாம் யாருடைய உதவியால் இதனைச் செய்தோம் என்பதைப் பெயர் கூறிச் சொல்லட்டும். நன்றி என்பது கணக்கு ஒப்புவித்தலும் ஆகும்.

இவ்வாறு செய்வதால் சமுதாயம் மாறிவிடுமா என்று கேட்கலாம். மாறாது, சமுதாயத்தை மாற்றும் வேலை இதனிலும் பெரிது. ஆனால் யாருடைய உழைப்பால் இவ்வுலகம் இயங்குகிறது என்பதைக் காணப் பழகாத கண், அந்தப் பெரிய வேலையைத் தொடங்கவே மாட்டாது. பாடசாலை அந்தக் கண்ணைத் திறக்க வேண்டிய இடம்.

மணியடித்த அந்த முதியவர் இன்றும் எமதூரிலே வாழ்கிறார். காலையில் பாடசாலை மணி கேட்கும்போது வேலியருகே வந்து நின்று, நேரத்துக்கு அடிக்கிறார்களா என்று பார்ப்பார். சில நாட்களில் இரண்டு நிமிடம் பிந்திவிடுவதாக எம்மிடம் குறைப்பட்டார். அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரும்படி பத்தாம் வகுப்பு மாணவரிடம் கேட்டிருக்கிறோம்.